ரெண்டு தட்டுல பறக்குதே, அந்த உதை யாருடையது? புரூஸ் லீயின் 32 வருட வாழ்க்கை

சாயங்காலம் எண்ணூர் பக்கம் போகிற மின்சார ரயில். கொருக்குப்பேட்டை தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் கலையும். ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் போதும், போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பிடித்துவிடுவீர்கள். பழைய மோர்ட்டல் காம்பேட். முன்னால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, அப்புறம் ஹை கிக் பட்டன். அவ்வளவுதான். லியூ காங் எகிறிப் பறந்து போய் எதிராளி நெஞ்சில் காலை இறக்குவார். கூடவே தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல்.

டெக்கன் ஆடுகிறவரா? அங்கே மார்ஷல் லா இருக்கிறார். ஸ்ட்ரீட் ஃபைட்டரா? ஃபெய் லாங். பெயர் வேற, கம்பெனி வேற. ஆனால் அந்தத் துள்ளல், மூக்கைக் கட்டை விரலால் தடவும் ஸ்டைல், அந்தக் கத்தல், முக்கியமாக அந்த உதை, எல்லாமே ஒரே ஆளிடமிருந்து வந்தவை. அவர் இறந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏரியாவில் யாராவது வாய்ச்சவடால் விட்டால், மனசுக்குள்ள பெரிய புரூஸ் லீன்னு நினைப்பு என்று இன்றைக்கும் கலாய்க்கிறோமே, அதே புரூஸ் லீ.

அவர் கதையில் ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. உங்கள் கட்டை விரல் அரை நொடியில் போடும் அந்த உதையை, இனிமேல் உங்களால் போடவே முடியாமல் போகலாம் என்று டாக்டர்கள் அவரிடமே சொல்லியிருந்தார்கள். அதுவும், அவரை உலகப் புகழ் ஆக்கிய முதல் படம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

டூரில் பிறந்த பையன்

1940 நவம்பர் 27. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், சைனா டவுனில் இருந்த சீன ஆஸ்பத்திரியில் பிறந்தார் புரூஸ் லீ. அப்பா லீ ஹோய் சுவென், கன்டனீஸ் இசை நாடக நடிகர். குழுவோடு அமெரிக்காவுக்கு நாடகம் போட வந்த இடத்தில்தான் பிள்ளை பிறந்தது. நம்ம ஊரில் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வாழ்க்கை. கைக்குழந்தையாகவே ஒரு சினிமாவில் முகம் காட்டிவிட்டார்.

குடும்பம் ஹாங்காங்குக்குத் திரும்பியது. 1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் ஹாங்காங்கைப் பிடித்தது. 1945 வரை அந்த ஊர் பசியிலும் பயத்திலும் கிடந்தது. பையனின் நினைவு தெரிந்த முதல் உலகம் அதுதான். போருக்குப் பிறகு அவர் குழந்தை நட்சத்திரம். பதினெட்டு வயதுக்குள் ஏறக்குறைய 20 படங்கள். குட்டி டிராகன் என்று அர்த்தம் வரும் லீ சியூ லுங் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

சினிமாவில் நடித்தாலும் தெருவில் வம்பு ஓயவில்லை. மொட்டை மாடிச் சண்டைகள் அந்தக் கால ஹாங்காங் பையன்களுக்குச் சகஜம். ஒழுங்காக அடிக்கக் கற்றுக்கொள்ள அவர் போய்ச் சேர்ந்தது இப் மேன் என்ற வாத்தியாரிடம். கற்றது விங் சுன். இங்கேதான் முதல் ஆச்சரியம். விங் சுன் பெரும்பாலும் கை வித்தை. நெருங்கி நின்று, எதிராளியின் கையோடு கை ஒட்டியபடி, குறுகிய தூரத்தில் குத்துவது. உதை உண்டு, ஆனால் இடுப்புக்குக் கீழேதான். பறந்து உதைப்பதெல்லாம் அதில் கிடையாது.

அதாவது, காலுக்காக உலகம் கொண்டாடும் மனிதர் ஆரம்பத்தில் கைக்காரர்.

வடசென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும் பக்கம்

1958-ல் ஹாங்காங்கில் பள்ளிகளுக்கு இடையே குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. முறையான பாக்ஸிங். க்ளவுஸ் உண்டு, ரவுண்டு உண்டு, உதைக்கக் கூடாது. செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் பள்ளி சார்பில் இறங்கிய புரூஸ் லீ, இறுதிப் போட்டியில் ஏற்கெனவே சாம்பியனாக இருந்த ஆங்கிலேயப் பையனைத் தோற்கடித்தார். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பாக்ஸிங் பரம்பரைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நெருக்கமான இடம். நம்மிடம் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் மோதிக்கொண்ட மாதிரி, அவரும் தன் பள்ளிக்காகத்தான் ரிங்கில் ஏறினார்.

அதே 1958-ல் இன்னொரு பட்டமும் வாங்கினார். சா சா நடனத்தில் ஹாங்காங் சாம்பியன்! 2021-ல் வந்த சார்பட்டா பரம்பரை படத்தின் டான்ஸிங் ரோஸைப் பார்த்து விசில் அடித்தீர்களே, ஆடிக்கொண்டே அடிக்கிற அந்த ஆளை? கற்பனைப் பாத்திரம் என்றாலும் அந்தக் கணக்கு உண்மை. தாளம் தெரிந்த காலுக்கு எப்போது நகர வேண்டும் என்பதும் தெரியும். பிற்காலத்தில் லீ, முகமது அலியின் ஃபைட் ரீல்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து அவருடைய நடையைப் படித்தார். 1980-ல் மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனாரே, அதே அலிதான்.

கப்பல் ஏறினார்

தெருச்சண்டை முற்றிப் போலீஸ் வரை போனதும் வீட்டில் பயந்துவிட்டார்கள். 1959-ல், 18 வயதில், கையில் 100 டாலரைக் கொடுத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஹார்பரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஊர் சின்னதாகிக்கொண்டே போகும், திரும்பி வருவோமா என்று தெரியாது. வழியில் கப்பல் பயணிகளுக்கே சா சா சொல்லிக்கொடுத்தார்.

சியாட்டில் நகரில் ஒரு சீன ரெஸ்டாரன்ட்டில் சர்வர் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை. பள்ளிப் படிப்பை முடித்து, 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிடைத்த இடத்தில் எல்லாம் குங்ஃபூ வகுப்பு எடுத்தார். சீனர், கறுப்பர், வெள்ளையர், ஜப்பானியர் என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார். அந்த வகுப்பில் மாணவியாக வந்த லிண்டா எமரியை 1964-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

உதை எங்கிருந்து வந்தது?

1964-ல் ரெண்டு சம்பவங்கள். ஒன்று, லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் அவர் செய்துகாட்டிய வித்தை. ரெண்டு விரலில் தண்டால், ஓர் அங்குல தூரத்திலிருந்து ஆளைத் தள்ளிவிடும் குத்து. கவனியுங்கள், அப்போதும் அவருடைய பெயர் கையால்தான் பரவியது.

இன்னொன்று, அதே வருஷக் கடைசியில் ஓக்லண்டில் வாங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரரோடு மூடிய கதவுக்குள் நடந்த சண்டை. அதில் என்ன நடந்தது என்பதில் ரெண்டு தரப்புக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் லீக்குத் தன் மீதே அதிருப்தி. சண்டை இழுத்துவிட்டது, மூச்சு வாங்கிவிட்டது. இத்தனை வருஷம் கற்றது போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பரம்பரைப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரிடமும் கற்றார். பாக்ஸிங்கிலிருந்து நடை. வாள்வீச்சு வீரரான அண்ணன் பீட்டரின் விளையாட்டிலிருந்து, எதிராளி கிளம்பும் நொடியிலேயே மறித்து அடிக்கும் உத்தி. அமெரிக்காவில் டேக்வாண்டோவைப் பரப்பிய கொரிய மாஸ்டர் ஜூன் ரீயோடு ஒரு கொடுக்கல் வாங்கல்: லீ அவருக்குக் குத்தைச் சொல்லிக்கொடுத்தார், அவர் லீக்கு உயர உதைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஆக, நீங்கள் கேமில் பார்க்கும் அந்த உதையில் ஒரு பங்கு கொரியாவுடையது.

பக்கவாட்டு உதையை அவர் எப்படிப் போட்டார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பலமான வலது கால் முன்னால் நிற்கும். பின்கால் சரசரவென்று முன்னால் வந்து நெருங்கும். முட்டி மடங்கி மேலே வரும். தரையில் இருக்கும் பாதம் திரும்பி, அதன் குதிகால் எதிராளியைப் பார்க்கும். அதோடு இடுப்பும் புரளும். காலை நீட்டுவது கடைசி வேலை. உதையின் பலம் தொடையில் மட்டும் இல்லை. தரையில் ஊன்றிய காலும் திரும்புகிற இடுப்பும்தான் அதைத் தருகின்றன. அந்த இடுப்பை மறந்துவிடாதீர்கள், கதையில் அது திரும்ப வரும்.

1967-ல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார். மறித்து அடிக்கும் குத்தின் வழி என்று அர்த்தம். பெயரிலும் குத்துதான், உதை இல்லை. நிஜச் சண்டைக்கு அவர் சொல்லிக்கொடுத்த முக்கிய உதையும் தாழ்வானது. எதிராளியின் முட்டிக்கும் முழங்காலுக்குக் கீழேயும் போவது. பக்கத்தில் இருக்கும் இலக்குக்கு நீளமான ஆயுதம், எளிய கணக்கு. தலைக்கு மேல் பறக்கும் உதை எல்லாம் கேமராவுக்காக. அந்த வித்தியாசம் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பாரம் தூக்கிய ஒரு காலை

1966 முதல் 1967 வரை தி கிரீன் ஹார்னெட் என்ற டிவி தொடரில் கேட்டோ என்ற வேடம். ஹீரோவுக்கு கார் ஓட்டும் உதவியாளர். முகமூடி போட்ட அந்த டிரைவர்தான் குழந்தைகளுக்கு ஹீரோ ஆனார். ஆனால் 26 எபிசோடோடு தொடர் நின்றது. ஹாலிவுட்டில் ஆசிய முகத்துக்கு ஹீரோ வேடம் கிடைக்கவில்லை. நடிகர்களுக்குத் தனி வகுப்பு எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

1970. ஒருநாள் காலை, 57 கிலோ எடையுள்ள பாரைத் தோளில் வைத்து முன்னால் குனிந்து நிமிரும் பயிற்சி. உடம்பைச் சரியாகச் சூடேற்றாமல் தொடங்கியிருக்கிறார். கீழ் முதுகில் நரம்பு அடிபட்டது. டாக்டர்கள் படுக்கச் சொன்னார்கள். பழையபடி உதைப்பது சந்தேகம் என்றார்கள்.

ஹார்பரில் மூட்டை தூக்கியவர், ஃபேக்டரியில் லோடு இறக்கியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இடுப்பு போனால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லீ வீட்டிலும் அதுதான் ஆனது. வீட்டுக்கடன் கழுத்தை நெரித்தது. பிராண்டனுக்கு 5 வயது, ஷானனுக்கு ஒரு வயது. லிண்டா வேலைக்குப் போனார்.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார் லீ. உடம்பு அசையாத அந்தக் காலத்தில் கை எழுதியது. சண்டையைப் பற்றி, உடம்பைப் பற்றி, தத்துவத்தைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதினார், படம் வரைந்தார். அவர் இறந்த பிறகு 1975-ல் டாவோ ஆஃப் ஜீத் குன் டோ என்று புத்தகமாக வந்ததில் பெரும்பகுதி அந்தப் படுக்கைக் குறிப்புகள். பிறகு மெல்ல எழுந்தார், நடந்தார், மறுபடி உதைத்தார். வலி மட்டும் முழுசாகப் போகவே இல்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் படப்பிடிப்புக்கும் அவர் அதைக் கூடவே சுமந்தார்.

1971 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தார். ஒரு படத்துக்கு லொகேஷன் தேடி, நடிகர் ஜேம்ஸ் கோபர்னோடும் எழுத்தாளர் ஸ்டிர்லிங் சிலிஃபன்ட்டோடும் ராஜஸ்தான் பாலைவனம் வரை சுற்றினார். முதுகுவலியோடு குண்டும் குழியுமான ரோட்டில் கார் பயணம். அந்தப் படம் அவரை வைத்து நடக்கவே இல்லை.

மூன்று வருஷத்தில் உலகம்

அமெரிக்கா கதவைத் திறக்காததால் ஹாங்காங்குக்குத் திரும்பினார். கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனியோடு ரெண்டு படங்களுக்கு 15,000 டாலர் ஒப்பந்தம். 1971-ல் தி பிக் பாஸ் வந்தது, ஹாங்காங்கின் வசூல் ரெக்கார்டை உடைத்தது. உதைக்க முடியாமல் போகலாம் என்று சொல்லப்பட்டவர் உதைத்த உதைக்குத் தியேட்டர் கத்தியது.

1972-ல் ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி. கதை, அந்நியர் ஆதிக்கத்தில் இருந்த ஷாங்காயில் நடக்கிறது. பூங்கா வாசலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்று ஒரு பலகை. லீ எகிறி, காற்றிலேயே அதை உதைத்துச் சுக்குநூறாக்குவார். அந்த உதை ஏன் சீனர்களைத் தாண்டி ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் கறுப்பர் குடியிருப்புகளிலும் நம்ம ஊரிலும் கைதட்டல் வாங்கியது என்று யோசியுங்கள். ஏதோ ஒரு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படத்தின் கடைசி ஷாட்டில் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்வார், அப்படியே படம் உறையும். கேமில் வரும் பறக்கும் உதையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஷாட்தான் ஞாபகம் வரும்.

அதே வருஷம் அவரே எழுதி இயக்கிய வே ஆஃப் தி டிராகன். ரோம் நகரின் கொலோசியத்தில், கராத்தே சாம்பியன் சக் நாரிஸோடு கிளைமாக்ஸ். முதலில் அடிவாங்குவார். பிறகு அலி மாதிரி துள்ளத் தொடங்கி, எதிராளியின் காலைக் குறிவைத்துத் தாழ்வாக உதைப்பார். தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் சினிமாவிலும் வைத்தார்.

அடுத்து கேம் ஆஃப் டெத். ஒரு கோபுரம். மாடிக்கு ஒரு எதிரி. ஒவ்வொருவரையும் ஜெயித்து மேலே போக வேண்டும். மஞ்சள் டிராக் சூட் நெஞ்சில், 7 அடி 2 அங்குல கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரின் ஷூ தடம் பதிந்திருக்குமே, அந்தப் படம். லெவல், பாஸ் ஃபைட் எல்லாம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? பாதியில் அதை நிறுத்திவிட்டு, ஹாலிவுட் கடைசியில் கதவைத் திறந்த என்டர் தி டிராகனில் நடிக்கப் போனார்.

1973 மே 10. அந்தப் படத்தின் டப்பிங் நேரத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் வீக்கம். பிழைத்தார். ஜூலை 20 அன்று தலைவலி என்று ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி மூளை வீக்கம். யாரும் திட்டமிடாத துர்மரணம் என்றது விசாரணை. வயது 32. ஆகஸ்டில் அமெரிக்காவில் படம் வெளியாகி உலகத்தையே சுற்றியது. அதைப் பார்க்க அவர் இல்லை. சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டார். 1993-ல் படப்பிடிப்பில் துப்பாக்கி விபத்தில் இறந்த மகன் பிராண்டனும் பக்கத்திலேயே உறங்குகிறார். அவருக்கு வயது 28.

பட்டனுக்குள் வந்த கால்

மனிதர் போனார், உதை நின்றுவிட்டது. 1984-ல் ஜப்பானின் ஐரெம் கம்பெனி வெளியிட்ட குங்ஃபூ மாஸ்டர் கேமில் ஐந்து மாடி, மாடிக்கு ஒரு பாஸ். கேம் ஆஃப் டெத் கோபுரத்தை நினைவுபடுத்தும் அமைப்பு. 1987-ன் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலேயே ரியூவின் சுழல் உதை வந்துவிட்டது. 1991-ல் சுன் லீயின் மின்னல் உதை. 1992-ல் மோர்ட்டல் காம்பேட்டில் லியூ காங்கின் பறக்கும் உதை, அடுத்த பாகத்தில் சைக்கிள் மிதிப்பது போன்ற உதை. 1993-ல் ஹாங்காங் சினிமா ஸ்டாராகவே ஃபெய் லாங். 1994-ல் டெக்கனில் மார்ஷல் லா, பின்பக்கம் குட்டிக்கரணம் அடித்தபடியே தாடையைப் பெயர்க்கும் உதை. 2014-ல் யுஎஃப்சி கேமில் அவர் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் வந்தார்.

இதில் ஒரு விஷயம் கேம் செய்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுபவை. ஒவ்வொரு உதைக்கும் கிளம்ப சில ஃப்ரேம், படுவதற்குச் சில, காலைத் திரும்ப இறக்க இன்னும் சில. பெரிய உதை தவறினால் அந்தக் கடைசி ஃப்ரேம்களில் நீங்கள் திறந்த வீடு. எதிராளி காம்போ போட்டுவிடுவான். ஒரு காலைத் தூக்கினால் இன்னொரு காலில்தான் நிற்கிறாய் என்ற பழைய பாடம்தான் இது. லீ தாழ்வான உதையை விரும்பியதற்கும் இதுதான் காரணம்.

கேமுக்குள் வராதது ஒன்றுதான். அங்கே ரவுண்டு முடிந்தால் ஹெல்த் பார் மறுபடி நிரம்பிவிடும். அவருக்கு அப்படி நிரம்பவில்லை. 1970-க்குப் பிறகு நாம் திரையில் பார்க்கும் ஒவ்வொரு உதையும், பாதி நிரம்பிய பாரோடு போட்டது.

திருவொற்றியூர் வந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு இறங்குவீர்கள். வீட்டு மாடியில் நாலு பேர் சேர்ந்தால் அந்த உதையை ஒரு தடவையாவது முயற்சி செய்யத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. செய்யுங்கள். ஆனால் முதலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஊன்றிய பாதம் திரும்புகிறதா பாருங்கள். தலை உயரம் வேண்டாம், முட்டி உயரத்தில் தொடங்குங்கள். அவரும் அங்கேதான் தொடங்கினார்.